புங்குடுதீவில் பயன் சொன்ன நாள்

ஆவணி 3, செவ்வாய்

சிவமயம்.

இன்று பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் விறாந்தையில் இருந்தவர்கள்: இவர். நான். புங்குடுதீவு ஆலங்கரை முருகன் கோயில் மனேச்சர் சிற்றம்பலம். முன்வீட்டு மெற்றில்டா ரீச்சர். கறிவேப்பிலை கேட்டு வந்து, கதை தொடங்கியதும் போக மனமில்லாமல் இருந்துவிட்ட பக்கத்து வீட்டு யோகாம்பிகை. ஆக ஐந்து பேர். அதில் பேசக்கூடியவர்கள் நாலு பேர்.

இவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன் நடந்து எட்டு நாளாகிறது. முருகன் அருளால் அது கெட்ட கட்டி இல்லை. ஆனால் மூன்று கிழமைக்கு ஒரு சொல்லும் பேசக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சின்னக் கொப்பி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்து, பென்சிலால் எழுதிக் காட்டுகிறார். கோபம் வந்தால் எழுத்துப் பெரிதாகும்.

மனேச்சர் வந்த காரியம் இது. அவர்கள் கோயிலில் இப்போது பத்து நாள் புராணப் படிப்பு நடக்கிறது. வரும் வெள்ளியும் சனியும் இவருடைய நாள். "பயன்: புராண வித்தகர் க. சதாசிவம், சுழிபுரம்" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியாயிற்று. பன்னிரண்டு வருடமாக அந்த இரண்டு நாளும் இவருக்குத்தான்.

மெற்றில்டா ரீச்சர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். படிப்பென்றால் என்ன என்று கேட்டார். ஒருவர் புராணத்துப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் அதன் பொருளைச் சபைக்கு விரித்துச் சொல்லுவார், அந்த விரிவுக்குத்தான் பயன் என்று பெயர் என்றேன்.

"சனம் ஐயான்ரை பயனைக் கேக்கத்தான் வருகுது," என்றார் மனேச்சர். "இப்ப நான் ஆரைப் போய்ப் பிடிக்கிறது?"

இவர் எழுதினார்: "துண்டுகள் இருக்கு. வாசிக்கிற தாசன் மாஸ்டரே அதைப் பார்த்துப் பயனும் சொல்லட்டும்."

துண்டுகள் என்பவை இவர் பயன் சொல்லும்போது மடியில் வைத்திருக்கும் தாள்கள். பாட்டுக்கு ஒரு தாள். அவற்றை அடுக்கி, எண் போட்டு, நூலால் கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.

"அப்ப இப்பவே தாங்கோவன், கையோடை கொண்டு போறன்," என்றார் மனேச்சர்.

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அது இன்னும் ஒழுங்காகேல்லை. வெள்ளி காலமை நானே கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டேன். எதில் வருவது என்று யோசிக்கவில்லை.

"என்ரை கார் கொட்டிலுக்கை நிண்டு அடை காக்குது," என்றார் மெற்றில்டா ரீச்சர். "காரைநகருக்குப் போய்ப் பாதையிலை ஏத்திக்கொண்டு ஊர்காவற்றுறையிலை இறங்குவம். பாதையிலை கார் ஏத்தி எத்தினை வருசம்!" பாதை என்று நாங்கள் சொல்லுவது அந்த இரண்டு கரைக்கும் நடுவே கடலில் ஓடும் இரும்பு மிதவை.

"நானும் வாறன்," என்றாள் யோகா. "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எண்டாலும் வாறன்."

இவர் கொப்பியைத் தூக்கிக் காட்டினார்: "ஆர் சமைக்கிறது?"

எல்லோரும் வாசித்தோம். யோகா கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

ஆவணி 4, புதன்

பூசை. முற்றம். இவருக்கு ஆறவைத்த கஞ்சி மூன்று வேளை. பதினெட்டுத் துண்டு முடிந்தது.

இவர் சாய்மனைக் கதிரையில் இருந்து சொல்ல நான் எழுதுவது வழக்கம். இந்த முறை இவரால் சொல்ல முடியாது. இருந்தாலும் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும் என்பதால் வேலை நிற்கவில்லை. பார்க்கப்போனால் மற்ற வருடங்களைவிட ஒரு நாள் முந்தி முடியும்போல் இருக்கிறது.

ஒரு பாட்டில் மட்டும் கை நின்றுவிட்டது. அசுரனிடம் தோற்ற தேவர்கள் அவன் அரண்மனையில் ஏவல் செய்கிற இடம். காற்றுத்தேவன் கூட்டுகிறான், மழைத்தேவன் தண்ணீர் தெளிக்கிறான். இவரிடம் போய், இதற்கு என்ன எழுத என்று கேட்டேன். "போன முறை எழுதினதையே எழுது," என்று எழுதிக் காட்டினார். ஆணவத்துக்கு முன்னால் தேவரும் அடிமை என்பது போன முறை. அதையே எழுதினேன்.

எனக்கு வேறொன்று தோன்றியது. அதை எழுதவில்லை.

ஆவணி 5, வியாழன்

மொத்தம் முப்பத்திரண்டு துண்டு. கட்டியாயிற்று. வெள்ளைத்தாள் நேற்றே ஒன்பதாவது துண்டோடு தீர்ந்துவிட்டதால், கடைக்கு எழுதிக் கொடுத்த பழைய சீட்டுகளை மேசை லாச்சியிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினேன். எழுத்துத் தெளிவாக இருக்கிறது.

அடுப்படிப் போத்தல்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். பருப்புக்கும் கடலைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

கொண்டுபோவது: துண்டுக் கட்டு, சேலை இரண்டு, திருநீற்றுப் பெட்டி, புளிச்சாதம், யோகாவுக்குத் தேசிக்காய் நாலு, கடலில் குமட்டினால் முகர.

இவர் எழுதித் தந்தது: "தாசன் சொல்லுறதைக் கவனமாய்க் கேள். பிழை விட்டால் குறிச்சுக்கொண்டு வா."

ஆவணி 6, வெள்ளி

வந்து சேர்ந்தோம். துண்டுகளைக் கொடுத்தேன். மற்றது நாளைக்கு எழுதுகிறேன்.

ஆவணி 7, சனி, காலை

மனேச்சர் வீட்டுப் பின் விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். யோகா இன்னும் நித்திரை. ரீச்சர் காருக்குத் தண்ணீர் விடுகிறார்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். காரின் முன்கண்ணாடியில் ரீச்சரின் செபமாலை தொங்குகிறது. யோகா ஏறியதும் அதன் பக்கத்தில் கண்ணாடியிலேயே திருநீற்றுக் குறி இழுத்தாள்.

"உம்மடை ஆளும் என்ரை ஆளும் சேர்ந்து பிறேக்கைப் பாத்துக்கொண்டால் சரி," என்றார் ரீச்சர். "அது கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும்."

பொன்னாலைப் பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் கடல் தகடுபோல் கிடந்தது. காரைநகர் துறையில் பாதை நின்றது. மோட்டார் சைக்கிள்கள் ஏறியபின் ஒரு கார் நிற்க இடம் இருந்தது. ரீச்சர் காரைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். ஐந்தாறு ஆண்கள் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள்.

"ஸ்ரேறிங்கை ஒடியுங்கோ, ஒடியுங்கோ! ரீச்சர், கடலுக்கை விடப் போறியள்!"

"தம்பி, உமக்கு ஏழாம் வகுப்பிலை கணக்குப் படிப்பிச்சது ஆர்?"

"நீங்கள்தான் ரீச்சர்."

"எத்தினை மார்க்ஸ்?"

அந்த மனிதர் காட்டிய கையை இறக்கிக்கொண்டு ஒதுங்கினார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கார் நூல் பிடித்ததுபோல் ஏறியது.

பாதை ஓடத் தொடங்கியதும் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் நடுவே பழைய கோட்டை தெரிந்தது. இவர் இல்லாமல் கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. யோகா மட்டும் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, காருக்குள்ளேயே இருந்தாள்.

"கமலா, உண்மையைச் சொல்லும்," என்றார் ரீச்சர். "இந்தத் துண்டுகளை எழுதுறது ஆர்?"

"இவர் சொல்லுவார், நான் எழுதுவன்."

"வாய் கட்டின மனுசன் இந்த முறை எப்பிடிச் சொன்னவர்?"

கோட்டையைக் காட்டி, அதற்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஊர்காவற்றுறையில் இறங்கி வேலணைக்குப் போய், அங்கிருந்து கடல்நடுப் பாலத்தால் புங்குடுதீவு. வழியில் பனைகளுக்குக் கீழே புளிச்சாதம் சாப்பிட்டோம். யோகாவுக்கு நிலம் மிதித்ததும் பசி வந்து என் பங்கிலும் பாதி சாப்பிட்டாள்.

படிப்பு பின்னேரம் நாலரைக்கு. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். எண்ணிப் பார்த்தேன், பெண்கள் நாற்பத்தொன்று, ஆண்கள் இருபத்தாறு. தாசன் மாஸ்டருக்கு நல்ல சாரீரம். கண்தான் கொஞ்சம் மட்டம். பாட்டை வாசித்து நிறுத்தி, துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பயனையும் சொன்னார். ஒன்பது துண்டு பிழையில்லாமல் போனது. நான் குறிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்பதாவது முடிந்ததும் தண்ணீர் குடித்தார். அடுத்த துண்டை எடுக்கும்போது பக்கம் மாறிவிட்டது. காற்றுத்தேவன் கூட்டுகிற பாட்டை உருக்கமாக வாசித்தார். துண்டைப் பார்த்தார். அதே உருக்கத்தோடு சொன்னார்:

"தேங்காய் ஆறு."

அது என்னுடைய கடைச்சீட்டு.

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். கற்றவர் அல்லவா, விடுவாரா? "அன்பர்களே, ஆறு என்பது என்ன? எம்பெருமானுடைய ஆறு திருமுகங்கள். தேங்காய்க்குக் கண் எத்தனை? மூன்று. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலம். ஓடு உடைந்தால் அல்லவோ உள்ளே வெண்மை?" சபை தலையாட்டியது. பின்னுக்கிருந்த ஒரு பெரியவர் "ஆகா" என்றார். மாஸ்டருக்கு உற்சாகம் வந்து அடுத்த வரிக்குப் போனார்.

"செத்தல் மிளகாய் அரைக் கிலோ. சவுக்காரம்..."

அதற்குமேல் அவராலும் முடியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "செத்தல் மிளகாய்க்கும் பயனைச் சொல்லுங்கோவன் மாஸ்டர்!" என்றாள். கோயில் முழுதும் சிரிப்பு. மடைப்பள்ளியில் நின்ற ஐயர்கூட வெளியே வந்து சிரித்தார்.

மாஸ்டரின் முகம் கறுத்துவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார்? நான் எழும்பி ஓடிப்போய், "மற்றப் பக்கம் மாஸ்டர், மற்றப் பக்கம்," என்றேன்.

"ஆர் இதை எழுதினது?"

"நான்தான். கடைக்கு எழுதினது."

"கடைக்கு எழுதின தாளிலையோ புராணம் எழுதிறது? இந்தச் சிரிப்பை நீங்களே நிப்பாட்டுங்கோ. இந்தாங்கோ, நீங்களே சொல்லுங்கோ!" துண்டை என் கையில் திணித்துவிட்டு, துவாயால் முகத்தைத் துடைத்தார்.

நான் தூணோடு நின்றேன். சிரிப்பு அடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரீச்சர் வேதக்காரர் என்று வாசலடியில் இருந்தவர், எழும்பி நின்றுவிட்டார். துண்டைப் பார்த்தேன். போன முறை எழுதியது இருந்தது. அதைப் பார்த்து வாசித்திருந்தால் போதும்.

நான் சொன்னதை நினைவிருக்கிற அளவு எழுதி வைக்கிறேன்.

"காத்துத்தேவன் விளக்குமாறு பிடிச்சது அவமானம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நானும் அப்பிடித்தான் கேட்டு வளந்தனான். ஆனால் ஒரு வீட்டைக் கூட்டுறவளுக்குத்தான் அந்த வீடு தெரியும். எந்த மூலையிலை கறையான் ஏறுது, எந்தக் கதவு இறுகுது, ஆர் சாப்பிடாமல் படுத்தது. அசுரன் சிம்மாசனத்திலை இருந்தவன். அவனுக்குத் தன்ரை அரண்மனை தெரியாது. காத்து ஒவ்வொரு அறையா நுழைஞ்சு வந்தது. நாளைக்கு முருகன்ரை படை வரேக்கை வழி காட்டப்போறது ஆர்? கூட்டினவன்தான். ஆண்டவன் அவனை அங்கை விளக்குமாத்தோடை விட்டு வைச்சது தண்டிக்க இல்லை. அறிய."

"அது உண்மை பிள்ளை," என்றது ஒரு குரல். பிறகு நான் தாசன் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்ன நினைத்தாரோ, அடுத்த பாட்டை எடுத்தார். நான் அதற்கும் சொன்னேன். அப்படியே பதினாறாவது பாட்டுவரை போனது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. யோகா ஒன்றரை மணித்தியாலம் என்கிறாள். அவள் எதையும் கூட்டிச் சொல்பவள். ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் மனேச்சர் ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார். "எங்கள் சதாசிவம் ஐயா எழுதி அனுப்பிய அரும்பொருளை, அவருடைய பாரியார் அவர்கள் மிகவும் அழகாக எடுத்துச் சொன்னார்கள். ஐயாவே வந்து பேசியதுபோல் இருந்தது."

பெண்கள் என் கையைப் பிடித்து, "ஐயாவைக் கேட்டுக் கேட்டுப் பழகினது போலை," என்றார்கள். ஓம் என்றேன். ரீச்சர் மனேச்சரை நோக்கிப் போனார். அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

இன்றைக்கும் நான்தான் சொல்ல வேண்டுமாம். மாஸ்டரே காலமை வந்து கேட்டார். "அம்மா, பாட்டு நான், பயன் நீங்கள். கோபத்திலை பேசினதை மனசிலை வையாதேங்கோ. எண்டாலும் ஒண்டு, தேங்காய்க்கு நான் சொன்னது பிழையில்லைத்தானே?"

பிழையில்லை என்றேன். உண்மையிலேயே பிழையில்லை.

ஆவணி 8, ஞாயிறு

நேற்றுப் பதினாறு பாட்டு. துண்டுக் கட்டை அவிழ்க்கவில்லை. முருகா, நீ கேட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை வெளிக்கிடும்போது மனேச்சர் கார்க் கதவடிக்கு வந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை நான் ஒலிபெருக்கியிலை சொன்னது பிழை. அப்ப எனக்குத் தெரியாது. பிறகு அந்தக் காத்துப் பாட்டுத் துண்டை எடுத்துப் பாத்தனான். நீங்கள் சொன்னதிலை ஒரு சொல்லும் அதிலை இல்லை."

நான் கார்க் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"புரட்டாதியிலை இன்னும் ஆறு நாள் படிப்பு இருக்கு. ஆறு நாளும் நீங்கள் சொல்லுவியளோ? வியாழக்கிழமை நோட்டீஸை அச்சுக்குக் குடுக்க வேணும். பேரை எப்பிடிப் போடுறது எண்டும் அறிவியுங்கோ. திருமதி சதாசிவம் எண்டோ, உங்கடை சொந்தப் பேரோ. ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்கோ."

ஊர்காவற்றுறைத் துறையில் பாதை அக்கரையில் நின்றது. முக்கால் மணித்தியாலம் காருக்குள் காத்திருந்தோம். மனேச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"இதிலை ஐயாவைக் கேக்க என்ன இருக்கு?" என்றார் ரீச்சர்.

"அவருக்கு இப்ப குரல் இல்லை, ரீச்சர். பழையபடி வருமோ எண்டு டொக்டருக்கே தெரியாதாம். இந்த நேரத்திலை நான் போய்..."

"அவருக்குப் பதின்மூண்டு நாளாத்தான் இல்லை. உமக்கு?"

யோகா தேசிக்காயை மூக்கிலிருந்து எடுத்தாள். "இருவத்திரண்டு வருசமாப் பக்கத்து வீடடி. அந்தாள் கதிரையிலை வாயைத் திறந்துகொண்டு நித்திரை. நீ பக்கத்திலை இருந்து எழுதிக்கொண்டிருப்பாய். கேட்டால் அவர் சொல்லுறார் எண்டுவாய். குறட்டையிலையோ சொன்னவர்? எனக்கென்ன கண் பொட்டையே?"

"தெரிஞ்சும் ஏன் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

ரீச்சர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ கண் கலங்கியது. கடற்காற்று.

பதினொன்றரைக்கு வீடு. இவர் கேற்றடியில் நின்றார். சோறு காய்ச்சியிருந்தார், கொஞ்சம் குழைந்துவிட்டது. கடலையைப் பருப்பென்று போட்டுக் கறி வைத்திருந்தார். பெயர் ஒட்டியும் பிரயோசனமில்லை. கண்ணாடி போடாமல் சமைத்தாராம்.

மனேச்சர் வெள்ளி இரவே இவருக்குப் போன் எடுத்திருக்கிறார். இவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கேட்டேன் என்பதற்கு விரலால் மூன்று தரம் தட்டினாராம். நான் கால் கழுவிவிட்டு வந்ததும் கொப்பியை நீட்டினார். மிகவும் சின்ன எழுத்து.

"நல்லாச் சொன்னியாம். நான் சொல்லித் தந்ததை மறக்காமல் சொன்னது பெரிய காரியம்."

இரண்டு தரம் வாசித்தேன். ஓம் என்றேன். கறியை இறக்கி உப்புப் பார்த்தேன்.

ஆவணி 9, திங்கள்

கணக்கென்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். அடுப்படியில் வேலை செய்துகொண்டே கோயில் ஒலிபெருக்கியில் படிப்புக் கேட்டுத்தான் பாட்டுகள் மனதில் ஏறின. கலியாணமான நாலாம் வருடம் நம் ஊர்க் கோயிலில் ஒருநாள் பயன் சொல்ல இவரைக் கூப்பிட்டார்கள். சபைக்கு முன்னால் நாக்கு ஒட்டிப்போய், பாதியில் இறங்கி வந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் மாவிடித்துக்கொண்டே அந்தப் பாட்டுக்கு எனக்குப் பட்டதைச் சொன்னேன். எழும்பி வந்து உலக்கையைப் பிடித்து நிறுத்தி, "இதை எழுதித் தா," என்றார். அதுதான் முதல் துண்டு.

அந்த மாதச் சம்பளத்தில் பெரிய அகராதி ஒன்று வாங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் கொண்டுவந்து என் கையில் தந்தார். எவ்வளவு நேரம் புத்தகத்தோடு இருந்தாலும், சோறு பிந்திவிட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் எழுதிய சொல் அவர் குரலில் வரும்போது சபை அழுதிருக்கிறது. சொல் மட்டும் அழவைக்காது. அந்தக் குரலுக்கும் பங்குண்டு.

இது அவர் பக்கம்.

என் பக்கம்: இருபத்திரண்டு வருடம். துண்டுகள் எழுதுவது யார் என்று அவர் ஒருநாளும் வாயால் பொய் சொன்னதில்லை. யாரும் கேட்டால் சிரிப்பார், பேச்சு வேறு பக்கம் போகும். நான்தான் கேட்டவர்களுக்கு, அவர் சொல்ல நான் எழுதுகிறேன் என்பேன். எங்கள் இரண்டு பேருக்குள்ளும் அதைப் பேசாமலே விட்டதால் அது பொய் மாதிரி இருக்கவில்லை. நேற்றுத்தான் முதல் தரம் அவர் அதை ஒரு வரியாக ஆக்கினார். வாய்ப்பேச்சென்றால் காற்றோடு போயிருக்கும். இது பென்சிலில் இருக்கிறது.

இன்று முழுதும் இவர் ஒன்றும் எழுதவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டுகிறார். கொப்பியைக் கதிரையில் வைத்து, அதன்மேல் இருக்கிறார்.

ஆவணி 10, செவ்வாய்

காலை நாலு மணிக்கு எழும்பி முழுகி, சுவாமி அறையில் விளக்கேற்றினேன். முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரிடம்தான் கேட்க வேண்டும்.

நல்ல வெள்ளைத்தாள் வாங்குவித்து, கீழே உள்ளதை எழுதி, இவருடைய கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இது அதன் பிரதி.

*இஞ்சருங்கோ,*

*வாயால் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் எழுத்தில் கேட்கிறேன். கோபித்து எழுதவில்லை.*

*வெள்ளிக்கிழமை நான் சொன்னது நீங்கள் சொல்லித் தந்தது அல்ல. நீங்கள் எழுதச் சொன்னது கையில் இருந்தது. நான் அதை வாசிக்காமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சபை கேட்டது. சனிக்கிழமையும் அப்படித்தான். இதை மனேச்சர் அறிவார். யோகாவும் ரீச்சரும் அறிவார்கள். நீங்கள் எல்லோருக்கும் முதலே அறிவீர்கள்.*

*புரட்டாதியில் ஆறு நாள் படிப்புக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் போக விருப்பம். நோட்டீஸில் "பயன்: திருமதி கமலாசனி சதாசிவம்" என்று போட வேண்டும். உங்கள் பெயரை நான் விடவில்லை, என் பெயருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.*

*உங்களுக்குக் குரல் வந்ததும் உங்கள் கோயில்களுக்கு நீங்கள் போக வேண்டும். துண்டு எழுதித் தருவேன். ஆனால் எழுதியது யார் என்று சபையில் ஒரு தரம் சொன்னால் போதும், இரண்டாம் தரம் கேட்கமாட்டேன். குரல் வராவிட்டால், நான் பயன் சொல்லும் இடத்துக்கு நீங்கள் வந்து முன்வரிசையில் இருக்க வேண்டும். நீங்கள் இருந்தால்தான் எனக்கு நாக்கு ஒட்டாது.*

*வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் ஏன் என்று எழுத வேண்டும். "நான் சொல்லித் தந்தது" என்று மட்டும் எழுத வேண்டாம்.*

*மனேச்சர் வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறார். அதற்கு முதல் உங்கள் கையால் பதில் எழுதித் தாருங்கள்.*

*கமலாசனி*